குடுவை சொன்னதும் கால் சொன்னதும்

(மாலை நேர அறிவியல் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன் வரிசையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நெடி அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், அது அம்மோனியா. இந்தக் கூம்புக் குடுவையில் இருப்பது இதே மண்டபத்துப் போர்வெல் தண்ணீர். வாசலில் கை கழுவும் குழாயில் நானே பிடித்து வந்தேன். அம்மோனியாக் கரைசல் கொஞ்சமும், எரியோகுரோம் பிளாக் என்ற சாயம் ஒரு சிட்டிகையும் போட்டிருக்கிறேன். திராட்சைச் சாறு போலச் சிவந்திருக்கிறதா? மேலே பியூரெட்டில் இருப்பது ஈ.டி.டி.ஏ. சொட்டுச் சொட்டாக விடுகிறேன். இன்னும் ஒன்று... இன்னும் ஒன்று... பார்த்தீர்களா, நீலம்! கல்லூரியில் வேதியியல் படித்த எல்லோருக்கும் இது தெரிந்த கூத்துதான். முப்பத்தோரு வருடம் மாணவர்களை வைத்து இதைச் செய்தவன் நான். அந்த ஒரு சொட்டில் சிவப்பு நீலமாகும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு சின்ன சந்தோஷம் வரும்.

இந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவர் எங்கள் தெருக்காரர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். நாற்பது வருடப் பீடி. காலையில் டீக்கடைக்கு நடப்பார். மூன்றாவது மின்கம்பம் வந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றுவிடுவார். நிற்பது பிறர் கண்ணில் படக் கூடாது என்று சுவரொட்டியைப் படிப்பதுபோல் நிற்பார். எங்கள் தெருச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி அத்தனையும் அவருக்கு மனப்பாடம். இரண்டு நிமிடம் நின்றால் வலி போய்விடும், மறுபடி நடப்பார். ஒருநாள் ஒரு துண்டறிக்கையோடு வீட்டுக்கு வந்தார். அறுவை சிகிச்சை இல்லாமல், சலைன் பாட்டில் வழியாக ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் கிலேஷன் சிகிச்சை என்று போட்டிருந்தது. “சார், இதுல ஏத்துற மருந்து நீங்க பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதானாமே? என் மக சொன்னா. கரையுமா?” என்றார். மகள் என் மாணவி. அந்த மருந்து, இந்த பியூரெட்டில் இருக்கும் ஈ.டி.டி.ஏ.தான்.

கரையும் என்றும் சொல்ல முடியவில்லை, கரையாது என்றும் சொல்ல வாய் வரவில்லை. நான் கற்பித்த பாடப்படி அது கரையத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்தவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே படித்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் வேதியியல். சூரிச் நகரத்தில் ஆல்ஃபிரட் வெர்னர் என்று ஒரு பேராசிரியர். 1893இல், 26 வயதில், உலோக அணு தன்னைச் சுற்றி மற்ற அணுக்களை எப்படி உட்கார வைக்கிறது என்று சொன்னார். கல்யாண வீட்டில் பந்தி போடுவதுபோல ஒவ்வொரு உலோகத்துக்கும் இத்தனை இலை என்று கணக்கு உண்டு, பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு என்றார். இதுதான் நம் பாடப்புத்தகத்தில் வரும் அணைவுச் சேர்மங்களின் அடிப்படை. 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆறே வருடத்தில், 52 வயதில் இறந்துபோனார். எதனால் தெரியுமா? தமனிகள் தடித்துப்போனதால். மூளைக்குப் போகும் குழாய்களில்தான் அதிகப் பாதிப்பு. குடியும் ஓயாத உழைப்பும் அதை முடுக்கிவிட்டன என்பார்கள். உலோகச் சேர்ம வேதியியலின் தகப்பனையே நாம் இன்று பேசும் நோய் கொண்டுபோனது என்பது பாடப்புத்தகத்தில் வராத செய்தி.

வெர்னரின் பந்தியில் வழக்கமாக ஓர் இலைக்கு ஓர் ஆள். பின்னால், ஒரே மூலக்கூறு இரண்டு மூன்று இலைகளில் ஒருசேர உட்காரும் சேர்மங்களுக்கு மார்கன், ட்ரூ என்ற இருவர் 1920இல் ஒரு பெயர் வைத்தார்கள். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது; துண்டறிக்கையில் இருந்த கிலேஷனும் அதிலிருந்து வந்ததுதான். நம் பாடநூல்காரர்கள் அதைக் கொடுக்கிணைப்பு என்று தமிழாக்கினார்கள். எனக்குப் பிடித்த கலைச்சொற்களில் அது ஒன்று. நண்டு பிடித்தவனுக்கு விளக்கமே வேண்டாம்.

இந்த நண்டுக் கூட்டத்தில் பெரிய நண்டு ஈ.டி.டி.ஏ. 1935இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் என்பவர் கண்டுபிடித்தார். நோய் தீர்க்கும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. துணிக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீரிலுள்ள கால்சியம் தொல்லை கொடுத்தது. அதைப் பிடித்து ஓரம் கட்ட ஒரு பொருள் வேண்டியிருந்தது. இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன், ஆக ஆறு பிடி. பந்தியின் ஆறு இலையிலும் ஒரே ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதைக்கொண்டு தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் முறையை 1940களில் உருவாக்கியவர் ஷ்வார்ட்சன்பாக். அவரும் சூரிச்தான். நான் சற்று முன் செய்தது அவருடைய வித்தை.

எந்த உலோகத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதற்குத் துல்லியமான எண்கள் உண்டு. மக்னீசியத்தைவிடக் கால்சியத்தை 100 மடங்கு வலுவாகப் பிடிக்கும். கால்சியத்தைவிட ஈயத்தைப் பிடிப்பது சுமார் இரண்டு கோடி மடங்கு வலு. ஆகவே ஈ.டி.டி.ஏ. கையில் கால்சியம் இருக்கும்போது ஈயம் எதிரே வந்தால், கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு வரி மருத்துவத்தில் பெரிய வேலை செய்தது. 1950களில் ஈய நச்சு ஏறிய தொழிலாளர்களுக்குக் கால்சியம் சேர்த்த ஈ.டி.டி.ஏ.வை ஊசி வழியாக ஏற்றினார்கள். ஈயம் சிறுநீரில் வெளியேறியது. குடுவையில் கண்டது உடம்பிலும் நடந்தது. வெற்றி என்றால் அப்படியொரு வெற்றி.

அங்கேதான் ஆசை பிறந்தது. அப்படி மருந்து ஏறியவர்களில் நெஞ்சுவலிக்காரர்கள் சிலர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகர மருத்துவர் நார்மன் கிளார்க் 1950களின் நடுவில், கால்சியம் சேர்க்காத ஈ.டி.டி.ஏ.வை இதய நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்து, நல்ல பலன் என்று எழுதினார். அவருடைய தர்க்கம் எளிமையானது. அடைப்பில் சுண்ணாம்பு இருக்கிறது, ஈ.டி.டி.ஏ. சுண்ணாம்பைப் பிடிக்கும், எனவே அடைப்பு கரையும். இதில் எந்த வரி பொய்? முதல் இரண்டும் உண்மை.

இதோ இந்தக் கிண்ணத்தில் ஒரு கோழி எலும்பு இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு வளைத்துப் பார்த்துக் கைமாற்றுங்கள். ரப்பர் மாதிரி வளைகிறதல்லவா? அடர்த்தியான ஈ.டி.டி.ஏ. கரைசலில் ஐந்து வாரம் ஊறியது. இரண்டு நாளைக்கு ஒருமுறை கரைசலை மாற்றினேன். திசுப் பரிசோதனைக் கூடங்களில் எலும்பைச் சீவுவதற்கு முன்னால் இப்படித்தான் சுண்ணாம்பை எடுக்கிறார்கள். அங்கும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். உடம்பில் ஏற்றுவது எவ்வளவு? ஒரு தடவைக்கு அதிகம்போனால் 3 கிராம். மூன்று மணி நேரம் மெதுவாக இறங்கும். ஏறியதில் பெரும்பகுதி அன்றைக்கே சிறுநீரில் போய்விடும்.

அந்த 3 கிராமுக்கு ஒரு கணக்குப் போடுங்கள். அது பிடிக்கக்கூடிய கால்சியம் சுமார் 320 மில்லிகிராம். நம் ரத்தத்தின் நீர்ப்பகுதி முழுவதிலும் இருக்கும் கால்சியம் சுமார் 300 மில்லிகிராம். மருந்து உள்ளே போனதும் முதலில் எதிர்ப்படுவது ரத்தத்தில் மிதக்கும் கால்சியம். அடைப்புக்குள் கெட்டிப்பட்டுக் கிடக்கும் சுண்ணாம்பு அதன் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தவுடன் கழுத்தில் அரிசிமணி அளவில் இருக்கும் நான்கு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ஈடுகட்டும். நம் எலும்புக்கூட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோ இருப்பு. அடைப்பைக் கரைப்பதாக நினைத்து, எலும்பு என்ற கிடங்கில் கடன் வாங்கிக்கொண்டிருப்போம். வேகமாக ஏற்றினால் அந்தக் கடன் வந்து சேர்வதற்குள் இதயம் நின்றுவிடும். மிகை இல்லை. 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் இப்படிக் கால்சியம் குறைந்து மூன்று பேர் இறந்தார்கள். அதில் இருவர் குழந்தைகள். கால்சியம் சேர்த்தது, சேர்க்காதது இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் வந்த ஆபத்து பற்றி அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2006இல் எச்சரித்தது.

இன்னொரு குற்றவாளி நம் மொழியிலேயே இருக்கிறது: அடைப்பு என்கிற சொல். அடைப்பு என்றதும் நமக்குச் சமையலறைத் தொட்டிதான் ஞாபகம் வரும். குழாயின் உட்பக்கம் உப்பு படிந்திருக்கிறது, மருந்து ஊற்றினால் பொரிந்து போய்விடும் என்று மனம் படம் போடுகிறது. தமனியில் நடப்பது அப்படி இல்லை. கொழுப்பு, அழற்சி செல்கள், நார், சுண்ணாம்பு எல்லாம் சுவருக்கு உள்ளே சேர்கின்றன. ரத்தத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு தோல் இருக்கிறது. குழாய்க்குள் பாசி பிடித்தது போன்றதல்ல அது. செங்கலுக்குள் கறையான் புற்று வைத்து, சுவர் உள்நோக்கிப் புடைத்தது போல.

சரி, இதெல்லாம் என் வாதம். குடுவைக்காரனின் வாதத்துக்குக் குடுவைக்காரனின் மறுப்பு. காலிடம் கேட்டவர்கள் உண்டா? உண்டு. கால் ஒரு நல்ல சாட்சி. இதயத்தின் வலியை அளப்பது கஷ்டம். நடக்கும் தூரத்தை மீட்டரில் அளக்கலாம். நடந்தால் வலி, நின்றால் நிவாரணம் என்ற இந்த நோயை முதலில் கண்டது குதிரையில்தான். 1831இல் பாரிஸ் கால்நடை மருத்துவர் ஒருவர், வண்டியிழுக்கும்போது நொண்டி, நின்றால் சரியாகிவிடும் குதிரையை அறுத்துப் பார்த்துத் தொடைத் தமனியில் அடைப்பைக் கண்டார். மனிதரில் அதை 1858இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விவரித்தார்.

டென்மார்க்கில் கால்வலிக்காரர்கள் 153 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஈ.டி.டி.ஏ., மறுபாதிக்கு வெறும் உப்புநீர், தலைக்கு 20 தடவை. 1992இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்தும் நடைத் தூரத்தில் வித்தியாசம் இல்லை. சோதனை நடத்திய விதம் சரியில்லை என்று சிகிச்சை ஆதரவாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். நியூசிலாந்தில் டனிடின் நகரத்தில் 32 பேரை வைத்து மறுபடி செய்தார்கள். 1994இல் வந்த முடிவும் அதுவே. இப்படிச் சீட்டுப் போட்டுப் பிரிப்பது எதற்கு என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்கு நடந்து வருகிறவர், அங்கே திட்டு வாங்கிப் பீடியைக் குறைத்தவர், செலவழித்த பணத்துக்காவது பலன் இருக்கவேண்டும் என்று நினைக்கிறவர், இவர்களில் பலருக்கு எதை ஏற்றினாலும் நடை கொஞ்சம் கூடும். அந்தப் பெருமை பாட்டிலுக்குப் போய்விடக் கூடாது. அதற்குத்தான் சீட்டு.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இங்கே நின்றிருக்க மாட்டேன். கதை அதன் பிறகுதான் சுவாரஸ்யமாகிறது. மயாமி கடற்கரையில் ஜெர்வாசியோ லாமாஸ் என்ற இதய மருத்துவர். அவரிடமும் ஒரு நோயாளி என் நடத்துநர் கேட்டதையே கேட்டாராம். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொல்வதற்குத் தன்னிடம் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று யோசித்தார். அரசு நிதியோடு 1,708 பேரை வைத்துச் சோதனை நடத்தினார். எல்லோரும் ஒருமுறை மாரடைப்பு வந்தவர்கள். தலைக்கு 40 பாட்டில். 2013இல் வெளியான முடிவு அவரையே திகைக்க வைத்தது. உப்புநீர் ஏற்றியவர்களில் 30 சதவீதத்தினருக்கு மறுபடி கோளாறு வந்தது, ஈ.டி.டி.ஏ. ஏற்றியவர்களில் 26 சதவீதம். சிறிய வித்தியாசம்தான். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 38க்கு 25 என்று நின்றது.

சுண்ணாம்பு கரையவில்லை என்பது தெரிந்த விஷயம். அப்படியானால் வேறு எது? ஈயமா? காட்மியமா? இது வெட்டிக் கேள்வி இல்லை. அனா நவாஸ்-அசியன் குழுவினர் 2004இல் அமெரிக்க மக்களின் ரத்தப் பரிசோதனைகளை அலசி, ஈயமும் காட்மியமும் கூடுதலாக உள்ளவர்களுக்குக் கால் தமனி நோயும் கூடுதல் என்று காட்டியிருந்தார்கள். புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இலைக்கு உறிஞ்சி எடுக்கும் சுபாவம் கொண்டது. ஆக, பீடி குடிப்பவர் காட்மியத்தையும் சேர்த்துக் குடிக்கிறார். ஈயமோ பெட்ரோலில் பல பத்தாண்டுகள் கலந்து விற்கப்பட்டது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டுதான் நிறுத்தினோம். அந்தத் தலைமுறையின் எலும்பில் அது இன்னும் இருக்கிறது. ஈ.டி.டி.ஏ. என்ற நண்டு ஈயத்தை இரண்டு கோடி மடங்கு விரும்புகிறது. என் குடுவைக்கு மறுபடி உயிர் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த ஊகத்தைச் சோதிக்க லாமாஸ் குழு இரண்டாவது சோதனை வைத்தது. சர்க்கரை நோயும் பழைய மாரடைப்பும் உள்ள சுமார் ஆயிரம் பேர். அதே மருந்து, அதே 40 பாட்டில். 2024இல் முடிவு வெளியானது. மருந்து ஏற்றியவர்களின் ரத்தத்தில் ஈயம் 61 சதவீதம் குறைந்திருந்தது; லிட்டருக்கு 9 மைக்ரோகிராமாக இருந்தது மூன்றரையாகிவிட்டது. வேதியியல் தன் வாக்கைக் காப்பாற்றியது. இதயக் கோளாறு வந்தவர்கள் எத்தனை? மருந்துக்காரர்களில் 35.6 சதவீதம். உப்புநீர்க்காரர்களில் 35.7.

அந்த இரண்டு எண்களையும் நூலகத்தில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈயம் போனது. நோய் போகவில்லை. இருபது வருடம் தன் ஊகத்தோடு வாழ்ந்த ஒருவர், அது பலிக்கவில்லை என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். துண்டறிக்கைகள் 2013ஆம் ஆண்டு எண்ணை மட்டும் இன்றும் அச்சடிக்கின்றன. இதில் யாரை நம்புவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

உலோகச் சேர்மம் காலுக்கு உதவியதே இல்லையா என்று கேட்பீர்கள். உதவியிருக்கிறது, ஆனால் எதையும் கரைத்து அல்ல. நிக்கலும் டைட்டேனியமும் அணுவுக்கு அணு சேர்ந்த ஒரு சேர்மம், பெயர் நிட்டினால். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஏவுகணை மூக்குக்கு உலோகம் தேடிய வில்லியம் பூலர் உருவாக்கியது. 1961இல் ஒரு கூட்டத்தில், விசிறிபோல் மடித்த அதன் கீற்றைக் கைக்குக் கை கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் சுருட்டுக்குழாய் பற்றவைக்கும் லைட்டரை அதற்குக் கீழே காட்டினார். மடிப்பெல்லாம் விரிந்து கீற்று நீண்டுவிட்டது. பழைய உருவம் அதற்கு ஞாபகம் இருக்கிறது!

அது காலுக்கு வந்து சேர்வதற்குள், காலுக்குள் கம்பி விட்டவர்கள் வந்துவிட்டார்கள். 1964 ஜனவரியில் போர்ட்லாந்து நகரத்தில் சார்லஸ் டாட்டர், கால் அழுகி, வெட்டிக்கொள்ள மறுத்த 82 வயது அம்மையாரின் தொடைத் தமனியை உள்ளே குழாய் செலுத்தியே அகலப்படுத்தினார். கால் தப்பியது. 1974இல் ஆந்திரியாஸ் குருன்ட்ஸிக் சமையலறை மேசையில் செய்த பலூனால் காலின் குழாயை விரித்தார். ஊர்? மறுபடியும் சூரிச்! ஆனால் தொடைத் தமனி பொல்லாதது. உட்கார்ந்தால் மடியும், திரும்பினால் முறுகும். பலூன் விரித்த இடம் மறுபடி சுருங்கும். சாதாரண எஃகு வலைக்குழாய் வைத்தால் ஒருமுறை நசுங்கியது நசுங்கியதுதான். நிட்டினால் வலையோ நசுங்கினால் தானே எழுந்துகொள்ளும். அதையும் காலிடமே கேட்டார்கள். வியன்னாவில் 104 பேர், 2006. ஒரு வருடம் கழித்து நடைப்பொறியில் விட்டபோது பலூன் குழுவினர் சராசரி 267 மீட்டர் நடந்தார்கள், நிட்டினால் குழுவினர் 387. குறை இல்லாமலும் இல்லை. லைப்சிக்கில் பார்த்தபோது வலை வைத்த கால்களில் 37 சதவீதத்தில் கம்பி எங்காவது முறிந்திருந்தது. அந்தச் சங்கதியையும் மறைக்காமல் அச்சில் போட்டிருந்தார்கள்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நடத்துநர் கதையை முடித்துவிடுகிறேன்.

அவரிடம், “ஐயா, என் குடுவையில் கரையும், உங்கள் காலில் கரையாது” என்றேன். முகம் வாடிவிட்டது. ரத்தக்குழாய் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டார். வலையெல்லாம் இப்போது வேண்டாம் என்றார். கொழுப்புக்கு ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. பீடியைத் தொடக் கூடாது. கடைசியாகச் சொன்னதைத்தான் இவர் நம்பவே இல்லை: தினமும் நடக்க வேண்டும். வலிக்கும் வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட, அரைமணி நேரம். இதையும் சும்மா சொல்லவில்லை. கோபன்ஹேகனில் 1966லேயே இப்படி நடந்தவர்களையும் நடக்காதவர்களையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். “நடந்தாத்தானே சார் வலிக்குது, அதையே மருந்துன்றாரே, காசு வாங்கின டாக்டர் பேசுற பேச்சா இது?” என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் பார்த்தேன். மூன்றாவது கம்பத்தைத் தாண்டி, ஐந்தையும் தாண்டி, ஏழாவது கம்பத்தில் நின்றுகொண்டிருந்தார். “என்ன, யார் கண்ணீர் அஞ்சலி?” என்றேன்.

“இங்க ஏது சார் சுவரு? சும்மாத்தான் நிக்கிறேன்” என்றார்.